ஸ்ட்ரிப் செய்த பைனரியிலும் ஹோம் ஃபோல்டர் பாதை தெரிகிறது: எப்படி எடுப்பது?

வாக்வா_நிரலர் கேட்டது:

வணக்கம். சி++ இல் ஒரு சர்வர் நிரல், ரஸ்ட்டில் அதற்கு ஒரு துணை நிரல். இரண்டையும் லினக்ஸுக்குக் கட்டி ரீயூனியனில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம். அவர்களுடைய பாதுகாப்புச் சோதனையில் இரண்டு குறைகள் வந்திருக்கின்றன.

முதல் குறை: பைனரிக்குள் "/ஹோம்/செல்வன்/வேலை/கிடங்கு/மூலம்/இணைப்பு.சிபிபி" மாதிரி, கட்டியவரின் பயனர் பெயரோடு முழுப் பாதைகள் கிடக்கின்றன. ஸ்ட்ரிப் செய்து (டீபக் தகவலை நீக்கி) அனுப்பிய பைனரியிலேயே இவை இருக்கின்றன.

இரண்டாவது: ஒரே கமிட்டை மொரீஷியஸில் எபேன் ஆஃபீஸ் கணினியிலும் வீட்டு லேப்டாப்பிலும் கட்டினால் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போகவில்லை. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் ஆஃபீஸ் மூடிவிடும். அப்போது வெளியீடு வீட்டிலிருந்துதான் கட்டப்படுகிறது. எங்கே கட்டினாலும் ஒரே பைனரி வர வேண்டும் என்று கேட்கிறார்கள்.

எல்லாக் கணினியிலும் உபுண்டு 24.04, கம்பைலர் ஜிசிசி 13, கட்டும் கருவிகள் சிமேக், நிஞ்சா. ஒரு லேப்டாப்பில் மட்டும் சிஸ்டம் ஃபிரெஞ்சு மொழியில் நிறுவப்பட்டிருக்கிறது. பில்ட் டைரக்டரிக்குள் நின்று சிமேக்கை ஓடவிடும்போது பாதையின் தொடக்கத்தை மாற்றி எழுதும் ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப் ஆப்ஷனில் ஷெல்லின் பிடபிள்யூடி மாறியை (நிற்கும் டைரக்டரியின் பாதை) பழைய பாதையாகவும், ஒரு புள்ளியைப் புதிய பாதையாகவும் கொடுத்தேன். பாதிப் பாதைகள் மறைந்தன, பாதி அப்படியே நிற்கின்றன. ஏன்?


கொரோமண்டல்_சி பதில்:

பாதி நிற்பதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பில்ட் டைரக்டரிக்குள் நின்று கொடுத்ததால் ஷெல் அந்த மாறியை "/ஹோம்/செல்வன்/வேலை/கிடங்கு/பில்ட்" என்று விரித்துவிட்டது. பில்டுக்குள் உருவான ஃபைல்களின் பாதைகளும் கம்பைலர் ஓடிய டைரக்டரியும் மட்டும் மாறின. மூலம் ஃபோல்டரில் இருப்பவை அந்த முன்னொட்டில் தொடங்குவதில்லை, அதனால் தொடப்படவே இல்லை.

அதைச் சரிசெய்யும் முன்னால் பாதைகள் எந்தெந்த வழியில் உள்ளே வருகின்றன என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு வழிக்குப் போடும் ஆப்ஷன் இன்னொரு வழியை அடைக்காது.

ஒரு வழி டீபக் தகவல். ட்வார்ஃபில், அதாவது அந்தத் தகவலை எழுதும் வடிவத்தில், ஒவ்வொரு கம்பைல் யூனிட்டுக்கும் சோர்ஸ் ஃபைலின் பெயரும், கம்பைலர் ஓடிய டைரக்டரியும் பதிவாகும். வரி எண் அட்டவணையில் ஹெடர்கள் இருந்த டைரக்டரிகளும் சேரும். ஜிசிசி 11 முதல் ட்வார்ஃப் 5 தான் இயல்பு. இவையெல்லாம் ஸ்ட்ரிப் செய்தால் போய்விடும்.

உங்களுக்கு ஸ்ட்ரிப்புக்குப் பிறகும் நிற்பது __ஃபைல்__ மேக்ரோ கொண்டுவந்தது. அசர்ட், லாக் மேக்ரோ, எக்ஸப்ஷனில் இடம் சொல்லும் மேக்ரோ எல்லாம் இதைத்தான் விரிக்கின்றன. விரிந்ததும் அது சாதாரணச் சர மாறிலி. படிக்க மட்டுமான தரவுப் பகுதியில் போய் உட்காரும். ஸ்ட்ரிப்புக்கு அது நிரலின் தரவு, அதைத் தொடக் கூடாது, தொடுவதும் இல்லை. கம்பைலருக்குக் கட்டளை வரியில் பாதையை எப்படிக் கொடுத்தோமோ அப்படியேதான் இந்த மேக்ரோ விரியும். கையால் எழுதிய மேக்ஃபைல் "மூலம்/இணைப்பு.சிபிபி" என்று கொடுத்தால் அவ்வளவுதான் பதிவாகும். சிமேக் முழுப் பாதையாகக் கொடுக்கும் பழக்கமுள்ளது, ஆகவே முழுப் பாதையும் உள்ளே போகிறது.

இன்னொரு வழி, நீங்களே சரமாகக் கொடுத்தவை. சிமேக்கில் தரவு ஃபோல்டரின் பாதையை டிஃபைனாகக் கொடுத்திருந்தாலும், கான்ஃபிக் ஹெடரில் சோர்ஸ் டைரக்டரியை எழுதவைத்திருந்தாலும், கம்பைலருக்கு அது ஒரு ஃபைல் பெயர் என்றே தெரியாது. எந்த மேப் ஆப்ஷனும் அதை மாற்றாது. கோடைத்தான் திருத்த வேண்டும்: ஓடும்போது கண்டுபிடிக்கும்படியோ, நிறுவும் இடத்தின் பாதையைக் கொடுத்தோ.

இனி ஆப்ஷன்கள். எல்லாம் ஒரு மைனஸ், ஓர் எஃப் என்று தொடங்குபவை. அதை ஒவ்வொரு தடவையும் எழுதவில்லை. டீபக்-ப்ரிஃபிக்ஸ்-மேப் ட்வார்ஃபை மட்டும் மாற்றும். மேக்ரோ-ப்ரிஃபிக்ஸ்-மேப் __ஃபைல்__ மேக்ரோவையும் பில்ட்இன்_ஃபைலையும் மாற்றும். ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும். பின்னிரண்டும் ஜிசிசி 8 இலும் கிளாங் 10 இலும் வந்தவை. அதைவிடப் பழைய கம்பைலர் இருந்தால் டீபக் வழியை மட்டும்தான் அடைக்க முடியும்.

ஷெல் மாறியை விட்டுவிடுங்கள். சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் ப்ராஜெக்ட் வரிக்குக் கீழே, முதல் டார்கெட்டுக்கும் முதல் துணை டைரக்டரிக்கும் மேலே, ஆட்-கம்பைல்-ஆப்ஷன்ஸ் கட்டளையில் இரண்டு மேப் கொடுங்கள். முதலில் சிமேக்கின் சோர்ஸ் டைரக்டரி மாறி, அது "/மூலம்/கிடங்கு" ஆகட்டும். அடுத்து பைனரி டைரக்டரி மாறி, அது "/மூலம்/கிடங்கு-பில்ட்" ஆகட்டும். வரிசை முக்கியம். பில்ட் ஃபோல்டர் சோர்ஸுக்குள்ளேயே இருப்பதால் பில்டுக்குள் இருக்கும் ஃபைல்களுக்கு இரண்டு மேப்பும் பொருந்தும். ஜிசிசி கடைசியாகக் கொடுத்ததைத்தான் எடுக்கும். கிளாங்கின் பழைய பதிப்புகளில் இந்த வரிசை இப்படி நடக்காது, 17 முதல்தான் கடைசியே வெல்லும்.

ஒப்பீடு வெறும் எழுத்து ஒப்பீடு என்பதை மறக்க வேண்டாம். "/ஹோம்/செல்வன்/வேலை/கிடங்கு" என்று மேப் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் "கிடங்கு2" ஃபோல்டருக்கும் அது பொருந்தி "/மூலம்/கிடங்கு2" ஆகும். இதைத் தடுக்க முடிவில் சாய்கோடு போட்டால் வேறு இடத்தில் இடிக்கும்: கம்பைலர் ஓடிய டைரக்டரியின் பதிவில் கடைசிச் சாய்கோடு இருக்காது, அது பொருந்தாமல் போகும். சாய்கோடு இல்லாமலே கொடுங்கள், இப்படிப் பெயர் மோதும் ஃபோல்டர்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் பெயர்) வழியாக ஃபோல்டருக்குள் நுழையும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதையும் பாருங்கள். ஜிசிசி தான் நிற்கும் டைரக்டரியை ஷெல்லின் பிடபிள்யூடி மாறியிலிருந்து எடுக்கும், அது உண்மையான இடத்தையே குறிக்கிறதென்றால். அதாவது சிம்லிங்க் பெயரே பதிவாகலாம். சிமேக் உண்மைப் பாதையைக் கொடுத்திருந்தால் ஒரே பைனரியில் இரண்டு வேறு முன்னொட்டுகள் வந்துவிடும். உங்களிடம் ஜிசிசி 13 இருப்பதால் கேனன்-ப்ரிஃபிக்ஸ்-மேப் ஆப்ஷனையும் சேர்க்கலாம். அது இரு பக்கத்துப் பாதைகளையும் உண்மைப் பாதைகளாக்கிய பிறகு ஒப்பிடும். 12 வரை அது கிடையாது, அங்கே சிம்லிங்க் பாதைக்கும் தனி மேப் கொடுக்க வேண்டியதுதான்.

அசெம்ப்ளி ஃபைல்கள் இருந்தால் அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். டீபக் பாதையை அங்கே எழுதுவது அசெம்ப்ளர். அதற்கும் டீபக்-ப்ரிஃபிக்ஸ்-மேப் உண்டு, இரண்டு மைனஸோடு. ஜிசிசியிலிருந்து அது தானாகப் போகவில்லை என்றால் டபிள்யூஏ-கமா வழியாகக் கையால் அனுப்புங்கள்.

சோதிப்பதில் ஒரு பொறி உண்டு, அதிலும் அந்த ஃபிரெஞ்சு லேப்டாப்பில். ஸ்ட்ரிங்ஸ் கருவி இயல்பாக ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே சரமாக எடுக்கும். ஃபிரெஞ்சு உபுண்டுவில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் பெயர் 'தெலேஷார்ழ்மான்', அதில் மேற்குறி போட்ட இ எழுத்து இரண்டு தடவை வரும். அந்த ஃபோல்டருக்குள் கட்டியிருந்தால் பாதை அந்த இடத்தில் துண்டு துண்டாக உடையும். ஃபோல்டர் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் இல்லை என்றே பதில் வரும். ஸ்ட்ரிங்ஸை விட்டுவிட்டு, க்ரெப்பை மைனஸ்-ஏ போட்டு நேராகப் பைனரி மேல் ஓடவிடுங்கள். டீபக் பகுதிகள் சுருக்கப்பட்டிருந்தாலும் ஸ்ட்ரிங்ஸ், க்ரெப் இரண்டுக்கும் கண் தெரியாது; ரீட்எல்ஃபின் டீபக்-டம்ப்=இன்ஃபோ, அல்லது ஆப்ஜ்காப்பி கொண்டு சுருக்கத்தை அவிழ்த்துவிட்டுத் தேடுங்கள்.

ஷா256 விஷயம்: "டீபக் தகவல்தான் வேறு, ஸ்ட்ரிப் செய்தபின் இரண்டும் ஒன்றாகிவிட வேண்டுமே" என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. லிங்கர் பில்ட்-ஐடியை (பைனரியின் அடையாள எண்) கணக்கிடுவது டீபக் பகுதிகள் உள்ளே இருக்கும்போது. பாதை மாறினால் ஐடி மாறும், அந்த ஐடி குறிப்பு ஸ்ட்ரிப்புக்குப் பிறகும் பைனரியில் தங்கும். அனுப்பும் பைனரியில் ட்வார்ஃப் இல்லை என்றாலும் ட்வார்ஃபில் இருக்கும் பாதையைச் சீராக்குவது கட்டாயம் என்பது இதனால்தான்.


ரோஸ்ஹில்_துரு பதில்:

ரஸ்ட் பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் சொந்த க்ரேட்டின் (ரஸ்ட் பேக்கேஜின்) ஃபைல்களை, கட்டும் கருவியான கார்கோ "எஸ்ஆர்சி/மெயின்.ஆர்எஸ்" போலக் குறுகிய பாதையாகவே கம்பைலரான ரஸ்ட்சிக்குக் கொடுக்கும், அங்கே பயனர் பெயர் பெரும்பாலும் வராது. கசிவது சார்பு க்ரேட்கள் வழியாக. அவை ஹோமுக்குள் .கார்கோ ஃபோல்டரின் ரெஜிஸ்ட்ரியில் விரிந்து கிடக்கின்றன, முழுப் பாதையோடு கம்பைல் ஆகின்றன. பேனிக் ஆகக்கூடிய (பிழையால் நிரல் நிற்கக்கூடிய) ஒவ்வொரு இடமும், உதாரணமாக வரிசையின் எல்லை தாண்டும் இடம் அல்லது அன்ராப், தன் ஃபைல் பெயரை நிரலின் தரவில் வைத்துக்கொள்கிறது. ப்ரொஃபைலில் ஸ்ட்ரிப்=ட்ரூ போட்டாலும் இது போகாது. காரணம் மேலே அண்ணன் சொன்னதுதான்: அது தரவு, டீபக் தகவல் அல்ல. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பாதைகள் "/ரஸ்ட்சி/" என்று தொடங்கி, பிறகு கமிட் ஹாஷ் என்று இருக்கும். அவை முன்பே மாற்றப்பட்டவை, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ரஸ்ட்ஃபிளாக்ஸ் சூழல் மாறியில் ரீமேப்-பாத்-ப்ரிஃபிக்ஸ் இரண்டு தடவை கொடுங்கள். கார்கோ ஹோம் "/கார்கோ" ஆகட்டும், திட்டத்தின் ஃபோல்டர் "/மூலம்/துணை" ஆகட்டும். ரஸ்ட்டிலும் பல மேப்கள் பொருந்தினால் கடைசியே வெல்லும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சூழல் மாறியில் ரஸ்ட்ஃபிளாக்ஸ் இருந்தால் கான்ஃபிக் ஃபைலில் எழுதிய ரஸ்ட்ஃபிளாக்ஸ் முழுதாகப் புறக்கணிக்கப்படும், இரண்டும் சேராது. அங்கே சிபியு வகை ஏதாவது கொடுத்திருந்தால் சத்தமில்லாமல் காணாமல் போகும். அடுத்தது, ரீமேப் கம்பைலர் எச்சரிக்கைகளில் காட்டும் பாதையையும் மாற்றிவிடும். எடிட்டரில் பிழையைக் கிளிக் செய்தால் ஃபைல் திறக்காது. ஆகவே அன்றாட வேலைக்குப் போடாதீர்கள், வெளியீட்டு ஸ்க்ரிப்ட்டில் மட்டும் போடுங்கள். ஜிசிசியில் இந்தத் தொல்லை இல்லை, அதன் எச்சரிக்கைகள் உண்மைப் பாதையையே காட்டும். கடைசியாக, கோடில் யாராவது கார்கோ_மேனிஃபெஸ்ட்_டிர் மாறியை என்வ் மேக்ரோ கொண்டு எடுத்திருந்தால் அது சரம், ரீமேப் தொடாது. டெஸ்ட் தரவைத் தேடுவதற்காக எழுதிய ஒரு வரி வெளியீட்டுக்குள் வந்துவிடும். அந்த மாறியின் பெயரைத் திட்டம் முழுக்கத் தேடிப் பாருங்கள், சார்பு க்ரேட்களிலும்.

ஏதாவது க்ரேட் உள்ளே சி கோடைக் கட்டினால் அந்த சி கம்பைலருக்கு ரஸ்ட்ஃபிளாக்ஸ் போகாது. சிஃபிளாக்ஸ் மாறியிலும் ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கோ மொழி எதிர்காலத்தில் வந்தால்: கோ 1.13 முதல் ட்ரிம்பாத் என்ற ஒரே ஆப்ஷன் இருக்கிறது. மாட்யூல் பெயரும் பதிப்பும் பாதைக்குப் பதிலாக வரும்.


பாம்ப்லமூஸ்_கணினி பதில்:

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. எல்லோரும் ஒரே கன்டெய்னர் இமேஜுக்குள், ஒரே பாதையில் சோர்ஸை மவுன்ட் செய்து கட்டினால் என்ன? "/மூலம்/கிடங்கு" என்ற இடத்தில் மவுன்ட், உள்ளே ஹோம் எப்போதும் "/கட்டுபவர்". மேப் எதுவும் போடாமலே எபேனிலும் வீட்டிலும் ஒரே பாதை பதிவாகும். சரமாகக் கொடுத்த டிஃபைன், கார்கோ மேனிஃபெஸ்ட் மாறி எல்லாமும் சேர்ந்து ஒன்றாகிவிடும். கம்பைலர் பதிப்பும் பூட்டப்படும். ஒரு சின்னக் குழுவுக்கு இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மேப்பும் வேண்டும். கன்டெய்னர் இல்லாமல் கட்டுபவர் ஒருவர் எப்போதும் இருப்பார். கம்பைல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிசேஷ் கருவியைப் பயன்படுத்தினால் வேறொரு லாபமும் உண்டு. டீபக் தகவலோடு கட்டும்போது சிசேஷ் தற்போதைய டைரக்டரியையும் ஹாஷில் சேர்க்கும், அதனால் இரண்டு ஃபோல்டர்களுக்கு இடையே சேமிப்பு பகிரப்படாது. பேஸ்_டிர் அமைத்து, டீபக்-ப்ரிஃபிக்ஸ்-மேப்பும் கொடுத்தால் அதைச் சேர்க்காது. வீட்டு இன்டர்நெட்டில் கட்டும்போது இந்தப் பகிர்வு நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும்.

புள்ளியை மேப் இலக்காக வைப்பது பற்றி: டெபியன் பேக்கேஜ்கள் அப்படித்தான் கட்டுகின்றன, அவர்களுக்கு அது பொருந்துகிறது. உங்களுக்கு வேண்டாம். டீபக் கருவியான ஜிடிபி, புள்ளியைத் தான் நிற்கும் டைரக்டரியிலிருந்து தேடும். எங்கே நின்று ஜிடிபியைத் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்து சோர்ஸ் தெரியும், அல்லது தெரியாது. உங்கள் நிரலும் ஒரு லைப்ரரியும் இரண்டுமே புள்ளிக்கு மேப் ஆகி, இரண்டிலும் "மூலம்/பதிவு.சிபிபி" என்று ஒரு ஃபைல் இருந்தால் ஜிடிபி தவறான ஃபைலை எடுத்துக் காட்டும், வரி எண்கள் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோலவே இருக்கும். இது நேரத்தைத் தின்னும் குழப்பம். கொரோமண்டல்_சி சொன்னதுபோல் திட்டத்துக்கு ஒரு தனிப் பெயருள்ள கற்பனை வேர் வையுங்கள். ஃபெடோரா பேக்கேஜ்களில் பாதை "/யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/டீபக்/" என்ற இடத்துக்குக் கீழே பேக்கேஜ் பெயரும் பதிப்பும் சேர்ந்து வருவதற்கும் இதே நோக்கம்தான்.

அப்படி வைத்தால் ஜிடிபியில் ஒரு வரி போதும்: செட் சப்ஸ்டிட்யூட்-பாத் /மூலம்/கிடங்கு, அடுத்து உங்கள் கணினியில் சோர்ஸ் இருக்கும் பாதை. ஜிடிபிஇனிட் ஃபைலில் எழுதிவிடலாம். இங்கே ஜிசிசி போல் இல்லாமல், ஜிடிபி டைரக்டரி எல்லையில்தான் பொருத்தும், "கிடங்கு2" சிக்காது. இன்னொரு டீபக் கருவியான எல்எல்டிபியில் இதே வேலைக்கு டார்கெட்.சோர்ஸ்-மேப் என்ற அமைப்பு.

கவரேஜ் (டெஸ்ட்டில் எந்தெந்த வரிகள் ஓடின என்ற கணக்கு) எடுக்கும் பில்டுக்கு மட்டும் இந்த ஆப்ஷன்களைப் போடாதீர்கள். கவரேஜ் கருவிகள் பதிவான பாதையை நம்பித்தான் சோர்ஸைத் திறக்கின்றன. கற்பனை வேரை நோக்கிப் போனால் அங்கே எதுவும் இருக்காது.


வாக்வா_நிரலர்:

மூவருக்கும் நன்றி. சிமேக்கில் இரண்டு மேப், ரஸ்ட்டில் இரண்டு ரீமேப் போட்டுக் கட்டினேன். ரஸ்ட் நிரல் இரண்டு கணினியிலும் ஒரே ஷா256. சி++ இல் மூன்று விஷயங்கள் மிச்சம். வேறொரு குழு முன்பே கம்பைல் செய்து .ஏ ஃபைலாகக் கொடுத்த லைப்ரரியிலிருந்து "/ஹோம்/" பாதைகள் வருகின்றன. எக்ஸ்டர்னல்-ப்ராஜெக்ட் வழியாகக் கட்டும் ஒரு லைப்ரரியிலும் வருகின்றன. எங்கள் சொந்த .எஸ்ஓ (ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) உடன் லிங்க் ஆகும் சர்வர் பைனரியில் "/ஹோம்/" எதுவுமே இல்லை, ஆனாலும் ஷா256 வேறுபடுகிறது. ஃபைலின் அளவுகூட சில பைட் வேறு. ஃபைல்களை ஒப்பிடும் டிஃபோஸ்கோப் கருவி பில்ட்-ஐடியையும் டைனமிக் சரப் பகுதியையும் காட்டுகிறது.


கொரோமண்டல்_சி பதில்:

மூன்றாவதுதான் சுவையானது. அது ஆர்பாத்: ஓடும்போது .எஸ்ஓவை எங்கே தேடுவது என்று பைனரியில் எழுதப்படும் பாதை.

பில்ட் டைரக்டரியில் இருந்தபடியே நிரல் ஓட வேண்டும் என்பதற்காக சிமேக், உங்கள் .எஸ்ஓ இருக்கும் பில்ட் ஃபோல்டரின் முழுப் பாதையை ஆர்பாத்தாக லிங்க் நேரத்தில் எழுதுகிறது. நிறுவும்போது மறுபடி லிங்க் செய்யாமல், அந்த இடத்திலேயே நிறுவலுக்கான ஆர்பாத்தை எழுதி மிச்சத்தைக் காலிப் பைட்டுகளால் நிரப்புகிறது. ஆகவே "/ஹோம்/" தேடினால் கிடைக்காது. ஆனால் ஒதுக்கிய இடத்தின் நீளம் பழைய பாதையின் நீளம்தான், அளவு மாறுவது அதனால். பில்ட்-ஐடியும் பழைய ஆர்பாத் இருந்தபோதே கணக்கிடப்பட்டுவிட்டது. மேப் ஆப்ஷன்கள் கம்பைலருக்கானவை, லிங்கர் எழுதும் ஆர்பாத்தை அவை பார்ப்பதே இல்லை.

சிமேக் 3.14 முதல் சிமேக்_பில்ட்_ஆர்பாத்_யூஸ்_ஆரிஜின் என்ற மாறி உண்டு. அதை ஆன் செய்தால் முழுப் பாதைக்குப் பதிலாக டாலர்-ஆரிஜின் (நிரல் இருக்கும் டைரக்டரி) வைத்துச் சார்புப் பாதை எழுதும். பில்ட் ஃபோல்டருக்குள் நிரலும் .எஸ்ஓவும் எங்கெங்கே இருக்கின்றன என்பது எல்லாக் கணினியிலும் ஒன்றுதான், ஆகவே ஒரே பைட்டுகள் வரும். டார்கெட்டுகளை உருவாக்கும் முன்னால் இதை அமைக்க வேண்டும்.

எக்ஸ்டர்னல்-ப்ராஜெக்ட் என்பது தனியாக ஓடும் வேறொரு சிமேக். உங்கள் ஆட்-கம்பைல்-ஆப்ஷன்ஸ் அதற்குத் தெரியாது. சிமேக்-ஆர்க்ஸ் வழியாக சி ஃபிளாக்ஸ், சி++ ஃபிளாக்ஸ் இரண்டையும் மேப்போடு அனுப்புங்கள். ஃபெட்ச்-கன்டென்ட்டுக்கு மாறினால் இந்தச் சிக்கல் இல்லை. அது உங்கள் திட்டத்துக்குள்ளேயே சேர்வதால், மேலே கொடுத்த ஆப்ஷன்கள் அதற்கும் போகும். அதன் சோர்ஸ் பில்டுக்குள் _டெப்ஸ் ஃபோல்டரில் இறங்கும், பைனரி டைரக்டரியின் மேப் அதைப் பிடித்துக்கொள்ளும்.

.ஏ ஃபைலைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் செய்ய அதிகம் இல்லை. பாதை அங்கே கம்பைல் ஆனபோதே பதிந்துவிட்டது. டீபக் பகுதியை மட்டும் ஸ்ட்ரிப்பால் எடுக்கலாம், __ஃபைல்__ சரங்கள் நிற்கும். பைனரியைத் திறந்து சரத்தின் மேல் எழுதும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லிங்கர் ஒரே முடிவுள்ள சரங்களை ஒன்றின் வாலில் இன்னொன்றாக இணைத்து வைத்திருக்கும், ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும். அந்தக் குழுவிடம் மேப் போட்டு மறுபடி கட்டித்தரக் கேளுங்கள். பயனர் பெயர் ஓர் ஆளை அடையாளம் காட்டுகிறது, நம் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது தனிப்பட்ட தரவு என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது. அவர்களுக்கு இதைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இன்னும் வேறுபாடு வந்தால் __டேட்__, __டைம்__ மேக்ரோக்களைத் தேடுங்கள். இவை கட்டும் கணினியின் உள்ளூர் நேரத்தை எடுக்கும். யூடிசியில் ஓடும் சர்வரில் கட்டியதற்கும் மொரீஷியஸ் நேரத்தில் இருக்கும் லேப்டாப்பில் கட்டியதற்கும் நான்கு மணி வித்தியாசம் வரும். இங்கே நள்ளிரவு முதல் காலை நான்கு மணிவரை தேதியே வேறாக இருக்கும். சோர்ஸ்_டேட்_ஈபாக் மாறியில் கமிட்டின் நேரத்தை நொடிகளில் கொடுத்தால் ஜிசிசி அதையே யூடிசியில் எழுதும்.


பாம்ப்லமூஸ்_கணினி பதில்:

ஷா256 சோதனையை ஸ்க்ரிப்ட்டாக எழுதும்போது இரண்டு பில்ட் ஃபோல்டர்களின் பாதை நீளமும் வேறு வேறாக இருக்கட்டும். ஒன்று "/டிஎம்பி/அ", மற்றது நாலைந்து நிலை ஆழத்தில், பெயரில் ஓர் இடைவெளியோடு. ஒரே நீளமுள்ள பாதைகளை வைத்துச் சோதித்தால் உங்கள் ஆர்பாத் சிக்கலில் பாதி அறிகுறி, அதாவது அளவு மாறுவது, தெரியாமலே போயிருக்கும். இடைவெளி எதற்கென்றால், விண்டோஸ் பக்கத்திலிருந்து "நுவோ தோஸ்ஸியே" மாதிரி ஃபோல்டருக்குள் யாராவது கட்டினால் மேற்கோள் குறி விட்டுப்போன ஸ்க்ரிப்ட்டில் மேப் ஆப்ஷன் இரண்டாக உடையும்.

ஜிசிசி தனக்குக் கொடுத்த ஆப்ஷன்களை ட்வார்ஃபின் ப்ரொட்யூசர் பதிவில் எழுதிவைக்கும். மேப் ஆப்ஷன்களை அதில் சேர்க்காது, அது பரவாயில்லை. ஆனால் பாதையைச் சுமக்கும் வேறு ஆப்ஷன் ஏதாவது இருந்தால் அங்கே வந்து நிற்கலாம். ரீட்எல்ஃப் டம்ப்பில் ப்ரொட்யூசர் வரியை ஒரு தடவை படித்துவிடுங்கள். தேவைப்பட்டால் ஜிநோ-ரெகார்ட்-ஜிசிசி-ஸ்விட்சஸ் அதை நிறுத்தும்.


ரோஸ்ஹில்_துரு பதில்:

துணை நிரலை விண்டோஸுக்கும் கட்டும் நாள் வந்தால்: மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்விசி லிங்கர், டீபக் தகவல் இருக்கும் பிடிபி ஃபைலின் முழுப் பாதையை எக்ஸிக்குள் எழுதும், ரஸ்ட்டின் ரீமேப் அதைத் தொடாது. லிங்கருக்கு பிடிபிஆல்ட்பாத் ஆப்ஷனில் சதவீதக் குறிகளுக்கு நடுவே _பிடிபி என்று கொடுத்தால் ஃபைல் பெயர் மட்டும் பதியும். சி++ பக்கம் எஃப்சி ஆப்ஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் __ஃபைல்__ முழுப் பாதையாக விரியும். இசட்-ஐ டீபக் வகையைத் தேர்ந்தெடுத்தால் எஃப்சி தானாகவே ஆன் ஆகிவிடும். ஃபிரெஞ்சு விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் "யுதிலிஸாத்தர்" என்று காட்டும் ஃபோல்டர் டிஸ்க்கில் "யூசர்ஸ்" என்றே இருக்கிறது. மேப்பில் டிஸ்க்கில் இருக்கும் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.